லாச்சப்பலில் எருக்கலம்பிட்டி

பாரிஸ் நகரம் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது ஒரு சிற்றிதழாக. அப்போது நாங்கள் புத்தளம் நாகவில்லில் இருந்தோம். போட்டோகொப்பி எடுத்து நடுவில் இரண்டு ஊசி அடித்த இதழ். உப்புக் காற்றில் ஊசி துருப்பிடித்து நடுப்பக்கத்தில் இரண்டு செம்புள்ளி விழுந்திருந்தது. வாப்பாவோடு மன்னாரில் படிப்பித்த தமிழ் ஆசிரியர் ஒருவரின் மகன் பாரிஸில் இருந்தார். அவர் தகப்பனுக்கு அனுப்ப, தகப்பன் வாசித்து முடித்து வாப்பாவுக்கு அனுப்பியது அது.

அதில் ஒரு கதை. பாரிஸ் ரெஸ்டோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவும் ஒருவன் இரவில் ஊரை நினைக்கிறான். நினைவில் மன்னாரிலிருந்து தலைமன்னாருக்கு பஸ் போகிறது. தோட்டவெளி வருகிறது, பேசாலை வருகிறது, கோயில்கள் வருகின்றன, கழுதைகள் கூட வருகின்றன. தாராபுரம் வரவில்லை. எங்கள் எருக்கலம்பிட்டி வரவில்லை. வாப்பா கணக்கு வாத்தியார். பிள்ளைகளின் கொப்பியில் விட்டுப்போன எண்ணைச் சேர்ப்பதுபோல, வரிக்கு மேலே ஒரு கூரைக்குறி போட்டு இரண்டு ஊர்ப் பெயரையும் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருந்தார். கோபமாக எழுதிய எழுத்தில்லை. திருத்திய எழுத்து.

அந்தச் சிவப்பு மையிலிருந்துதான் இந்தக் கட்டுரையின் கேள்வி வருகிறது. ஐரோப்பியத் தலைநகரம் ஒன்றில் போய் இருந்து எழுதுகிற ஒருவருக்கு அந்த நகரம் உண்மையில் எதைக் கொடுக்கிறது? சுதந்திரம், புகழ், தூரம் என்று பலதும் சொல்கிறார்கள். இதற்கு முன்மாதிரி என்று எல்லோரும் காட்டுவது பாரிஸில் வாழ்ந்த கறுப்பின எழுத்தாளர்களை. ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம்.

ரிச்சர்ட் ரைட் பாரிஸுக்குப் போகும்போதே பேர்பெற்றவர். அவருடைய 'நேட்டிவ் சன்' நாவல் 1940இல் வந்து அமெரிக்காவை உலுக்கியிருந்தது. 1946இல் முதல் பயணம், அடுத்த வருடம் குடும்பத்தோடு குடியேற்றம், 1960இல் அங்கேயே மரணம். ஜேம்ஸ் பால்ட்வின் போனது வேறு விதம். 1948 நவம்பரில் இறங்கியபோது வயது 24, கையில் 40 டொலர். வந்த அடுத்த வருடமே தனக்கு உதவிய ரைட்டின் நாவலைக் கட்டுரை ஒன்றில் கடுமையாகத் தாக்கினார். இருவருக்கும் உறவு முறிந்தது. (புலம்பெயர்ந்த தமிழ் எழுத்தாளர்கள் ஓயாமல் சண்டை பிடிக்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.) செஸ்டர் ஹைம்ஸ் 1953இல் வந்தார். அமெரிக்காவில் சீந்துவாரற்றுக் கிடந்தவர் ஹார்லெமைக் களமாக வைத்துத் துப்பறியும் நாவல் எழுதி, 1958இல் பிரான்சின் துப்பறியும் இலக்கியப் பரிசைப் பெற்றார். ஓவியர் பியூஃபோர்ட் டெலனியும் 1953இல் வந்தவர். மஞ்சள் நிறத்தை அவரளவு நேசித்தவர்கள் குறைவு. 1979இல் பாரிஸ் மனநல மருத்துவமனை ஒன்றில் இறந்தார்.

நகரம் இவர்களை வாரி அணைத்தது என்ற கதைக்கு ஒரு படுக்கை விரிப்பு குறுக்கே நிற்கிறது. 1949 டிசம்பர். பால்ட்வினுக்குத் தெரிந்த அமெரிக்கர் ஒருவர் தான் முன்பு தங்கிய ஹோட்டலின் விரிப்பை எடுத்துக்கொண்டு இவர் இருந்த ஹோட்டலுக்கு வந்து சேர்கிறார். பால்ட்வினின் பழைய விரிப்பு அழுக்கு. இதை விரித்துக்கொள்கிறார். பொலிஸ் வருகிறது. திருட்டுப் பொருள் வைத்திருந்த குற்றம். கைவிலங்கு, கூண்டு வண்டி, ஃப்ரேன் சிறைச்சாலை. நத்தாரும் அங்கேதான் கழிந்தது. 27ஆம் திகதி வழக்கு எடுக்கப்பட்டு, விரிப்புக் கதையைக் கேட்டு நீதிமன்றம் சிரித்து, அவரை விட்டுவிட்டது. அந்தச் சிரிப்புத்தான் அவரை உறைய வைத்தது. ஊரில் கேட்ட அதே சிரிப்பு என்று கண்டுகொண்டார். இதைப் பின்னாளில் எழுதியபோது அவர் பிரெஞ்சுக்காரரைத் திட்டவில்லை. எந்தச் சிரிப்பிலிருந்து ஓடி வந்தோமோ அதற்கு எல்லை கிடையாது என்ற இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

அதே பாரிஸில் இன்னொரு கறுப்புப் பாரிஸும் இருந்தது. செனகலின் கவிஞர் செங்கோரும் மார்த்தினிக்கின் கவிஞர் செசேரும் முப்பதுகளில் மாணவர்களாக இருந்து கட்டியது. 1947இல் அலியூன் தியோப் தொடங்கிய 'பிரெசாந்ஸ் ஆஃப்ரிகேன்' இதழ், 1956 செப்டம்பரில் சொர்போன் பல்கலைக்கழகத்தில் கறுப்பின எழுத்தாளர், கலைஞர் மாநாட்டைக் கூட்டியது. பிரெஞ்சுக் காலனிகளிலிருந்து வந்தவர்களுக்குப் பாரிஸ் அடைக்கலம் கிடையாது. தங்களை ஆளும் நகரம். அமெரிக்கக் கறுப்பருக்கோ அது ஓய்வு. ஒரே ஊர், இரண்டு கணக்கு.

இந்த இரண்டு கணக்கையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் வில்லியம் கார்ட்னர் ஸ்மித். பிலடெல்பியாக்காரர், 1951இல் பாரிஸ் வந்தவர், ஏஎஃப்பி செய்தி நிறுவனத்தில் வேலை செய்தவர். மற்றவர்கள் அளவு பேசப்படாதவர். என்னைக் கேட்டால் இந்தக் கூட்டத்தில் மிக முக்கியமான கேள்வியைக் கேட்டவர் இவர்தான். 1963இல் வெளிவந்த 'த ஸ்டோன் ஃபேஸ்' என்ற அவருடைய நாவலில், வெள்ளை வெறியில் ஒரு கண்ணை இழந்த கறுப்பு இளைஞன் ஒருவன் பாரிஸுக்கு வருகிறான். ஹோட்டலில் மரியாதை, கஃபேயில் நாற்காலி, பொலிஸ்காரன் வாயில் 'மிஸ்யூ'. மூச்சு விடுகிறான். பிறகு பார்க்கிறான்: அதே பொலிஸ்காரன் அல்ஜீரியர்களைத் தெருவில் போட்டு அடிக்கிறான். அல்ஜீரியன் ஒருவன் அவனை வெள்ளையன் என்றே கேலி செய்கிறான். தான் இங்கே நிம்மதியாக இருப்பது தன் இடத்தில் இன்னொருவன் நிற்பதால்தான் என்பது அவனுக்கு விளங்குகிறது. நாவல் முடிவது 1961 அக்டோபர் 17இல். அன்று ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களைப் பாரிஸ் பொலிஸ் கொன்று சேன் ஆற்றில் வீசியது.

அக்டோபர் என்ற சொல்லில் எங்கள் ஊர்க்காரர் எவரும் ஒரு கணம் நின்றுதான் போவார். அங்கே பிறகு வருகிறேன்.

தமிழர்கள் ஐரோப்பியத் தலைநகரங்களில் எழுதத் தொடங்கியது எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகுதான் என்பது பிழையான நினைப்பு. தம்பிமுத்து 1938இல் லண்டன் போய், அடுத்த வருடமே 'பொயட்ரி லண்டன்' இதழைத் தொடங்கிவிட்டார். போர்க்கால ஆங்கிலக் கவிதை அவர் கைவழியாக நடந்தது. தமிழுக்கு அதனால் வந்தது ஒன்றுமில்லை. அவரை ஆங்கில இலக்கியத்தின் கணக்கில் விட்டுவிடலாம். ஏ. சிவானந்தன் அப்படி விடக்கூடியவர் அல்ல. 1958 கலவரத்தில் கொழும்பை விட்டுப் போனார். போய் இறங்கிய லண்டனில் அதே வருடம் நொட்டிங் ஹில்லில் வெள்ளையர் கறுப்பரை அடித்துக்கொண்டிருந்தார்கள். நூலகராக 1964இல் சேர்ந்த இன உறவுகள் நிறுவகத்தை 1972இல் உள்ளிருந்தே புரட்டிப் போட்டு, ஆய்வு மடமாக இருந்ததை இனவாதத்துக்கு எதிரான களமாக்கினார். 'கறுப்பு' என்பது தோலின் நிறம் மட்டுமல்ல, அரசியல் நிறம் என்பது அவர் வாதம். ஆப்பிரிக்கரும் கரீபியரும் ஆசியரும் பிரித்தானியாவில் அந்த ஒரு பேரின் கீழ் நிற்கலாம், நிற்க வேண்டும் என்றார். அவருடைய 'வென் மெமரி டைஸ்' நாவல் 1997இல் வந்தது, மூன்று தலைமுறை இலங்கைக் கதை. எழுதியவருக்கு அப்போது 73 வயது கடந்திருந்தது.

சிவானந்தன் ஆங்கிலத்தில் சொன்ன அந்தக் கறுப்பு, தமிழில் ஒரு புத்தகத்தின் பெயராகப் பாரிஸிலிருந்து வந்தது. 2002இல் சுகனும் ஷோபாசக்தியும் சேர்ந்து தொகுத்த நூலின் பெயர் 'கறுப்பு'. அதற்கு முந்தைய வருடம் இதே இருவர் தொகுத்தது 'சனதருமபோதினி'. அந்தப் பெயர்கள் எங்கிருந்து முளைத்தன என்று தெரிய லாச்சப்பலுக்குப் போக வேண்டும்.

பாரிஸ் பத்தாம் வட்டாரத்தில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், லா ஷப்பல் மெட்ரோவைச் சுற்றிய தெருக்களைத்தான் நம்மவர்கள் லாச்சப்பல் என்கிறார்கள். புடவைக் கடை, நகைக் கடை, மரக்கறிக் கடை, முடி வெட்டுகிற கடை, பயண முகவர், கொத்துரொட்டி. மாணிக்கப் பிள்ளையார் கோயிலும் கிட்டத்தான். ஆவணியில் தேர் இழுக்கும்போது தெருவே தேங்காய்ச் சிதறலாகும். எண்பதுகளில் இங்கே வந்த இளைஞர்களுக்கு ரைட்டுக்குக் கிடைத்த வரவேற்பு எதுவும் இல்லை. அகதி விண்ணப்பத்தைப் பிரெஞ்சு அகதிகள் அலுவலகமான 'ஒப்ரா'வுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். எழுதிய முதல் கதை அந்த விண்ணப்பம்தான்: நம்புகிற மாதிரி எழுத வேண்டும், நம்பாவிட்டால் நாடு கடத்தல். அறைக்கு எட்டுப் பேர், முறை வைத்துத் தூக்கம். வேலை பெரும்பாலும் கோப்பை கழுவுவது. மெஷின் மூடியைத் தூக்கினால் முகத்தில் அடிக்கும் ஆவி, ஈரத்தில் ஊறி வெளுத்த விரல் நுனி, கடைசி மெட்ரோவைப் பிடிக்க ஓட்டம். அந்த விரல்களால்தான் இதழ் நடத்தினார்கள்.

'மௌனம்', 'அம்மா', 'எக்ஸில்', 'உயிர்நிழல்' என்று பாரிஸிலிருந்து வந்த இதழ்கள் பல. 'உயிர்நிழ'லை நடத்தியவர்கள் கலைச்செல்வனும் லக்ஷ்மியும். கலைச்செல்வன் 2005இல் காலமானார். ஜெர்மனியின் ஹேர்ன் நகரில் 1988இல் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, நகரம் நகரமாக நகர்ந்து பாரிஸையும் தன் வீடுகளில் ஒன்றாக்கிக்கொண்டது. தலைவர் இல்லை, நிரந்தர நிர்வாகம் இல்லை, யாரும் பேசலாம். ஊரில் பேச முடியாத காலம் அது. மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜினி திராணகம 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கவிஞர் செல்வி 1991இல் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. எனவே ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு மண்டபத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து கத்திச் சண்டை பிடித்ததை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை.

தூரம் காப்பாற்றும் என்றும் இல்லை. நூல்களைப் பதிப்பித்து வந்த சபாலிங்கம் 1994 மே 1ஆம் திகதி பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றச்சாட்டு புலிகள்மீது விழுந்தது. 1996 அக்டோபரில் புலி ஆதரவு 'ஈழமுரசு' ஆசிரியர் கஜனும் புலிகள் இயக்கத்தின் நாதனும் அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி இரண்டு பக்கத்திலும் விசா இல்லாமல் வந்து சேர்ந்திருந்தது. ரைட்டை அமெரிக்க உளவாளிகள் பின்தொடர்ந்தார்கள் என்பது ஆவணங்களில் இருக்கிறது. நம் ஆட்களைப் பின்தொடர்ந்தவர்கள் ஆவணம் வைத்திருக்கவில்லை.

இந்தச் சூழலில் எழுதியவர்களில் மூவரைச் சொல்கிறேன். கி.பி. அரவிந்தன் ஆயுதப் போராட்டத்தின் தொடக்க நாட்களிலேயே அதில் இருந்தவர். கவிதையும் இதழும் இணையத் தளமுமாக இயங்கி 2015 மார்ச்சில் பாரிஸில் காலமானார். போராட்டத்தின்மேல் கடைசிவரை பற்று விடாதவர், ஆனால் சொல்லைப் பொறுக்கி வைப்பதில் கஞ்சன். க. கலாமோகன் வேறு ரகம். 'நிஷ்டை' கதைகளில் ஊர் நினைவு குறைவு. பாரிஸின் தெருவும் உடலும் தனிமையும் அதிகம். பிரெஞ்சிலும் கவிதை எழுதினார். கறுப்பரோடும் அரபுக்காரரோடும் ஒரே மதுக்கடையில் தமிழன் உட்காரும் காட்சி இவரிடம் இயல்பாக வருகிறது. இவருக்குக் கிடைக்க வேண்டிய வாசகர் இன்னும் கிடைக்கவில்லை.

மூன்றாமவர் ஷோபாசக்தி. அல்லைப்பிட்டியில் 1967இல் பிறந்து, சிறுவனாக இயக்கத்தில் சேர்ந்து விலகி, தாய்லாந்தில் சில காலம் இருந்து, 1993இல் பிரான்ஸ் போனவர். 2001இல் 'கொரில்லா', 2004இல் 'ம்'. 'கொரில்லா' அகதி விண்ணப்பத்தின் வடிவத்தையே நாவலின் வாசலாக்கியது. மேலே சொன்ன அந்த முதல் கதை இப்படித்தான் இலக்கியமானது. பால்ட்வின் எழுதியது நியூயோர்க்கில் அச்சாகி அமெரிக்கரைச் சுட்டது போல, இவர் எழுதியது புத்தாநத்தத்திலும் சென்னையிலும் அச்சாகித் தமிழரைச் சுட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர் யார் என்றே தெரியாது. 2015இல் ஜாக் ஓதியாரின் 'தீபன்' கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கியதும், அதில் நாயகனாக நடித்தவர் ஒரு எழுத்தாளர் என்று அவர்களுக்கும் தெரிய வந்தது. படத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. புறநகர் அடுக்குமாடியின் காவலாளியாகத் துடைப்பத்தோடு நிற்கும் முன்னாள் போராளி அத்தனை நம்பகமாக இருக்கிறான். கடைசியில் அவன் கையில் மறுபடி ஆயுதத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஐரோப்பாவுக்குக் கோப்பை கழுவும் தமிழனைவிடச் சுடுகிற தமிழனை விளங்குவது சுலபம் போலிருக்கிறது.

இனி அக்டோபர்.

1990 அக்டோபர் கடைசி வாரத்தில் மன்னார்த் தீவின் முஸ்லிம்களை வெளியேறச் சொல்லிப் புலிகள் அறிவித்தார்கள். எருக்கலம்பிட்டியில் வீடு வீடாக நகையும் காசும் பறிக்கப்பட்டன. கடற்கரையில் காத்திருந்து வள்ளம் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினோம். உம்மா கடைசியாகச் செய்த வேலை கிணற்றடிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தது, தூசி விழாதாம். அக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வட மாகாணம் முழுவதிலுமாகச் சுமார் 75,000 பேர். 2002இல் கிளிநொச்சிச் செய்தியாளர் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதை அரசியல் தவறு என்றார்.

ஸ்மித்தின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கிறேன். தனக்கு நடந்த அநியாயத்தைத் தூரத்திலிருந்து எழுதுவது எளிதல்ல, ஆனால் எதிர்பார்க்கக் கூடியது. தன் ஆட்கள் செய்ததை எழுதுவதற்குத்தான் அந்தத் தலைநகரம் தேவைப்படுகிறது. அதற்குத்தான் அது உதவியும் இருக்கிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ இருந்து ஒரு தமிழ் எழுத்தாளர் இந்த வெளியேற்றத்தைக் குற்றம் என்று எழுதியிருக்க முடியாது. பாரிஸின் சிற்றிதழ் உலகத்தில் அது முடிந்தது. ஷோபாசக்தி கட்டுரைகளிலும் நேர்காணல்களிலும் அதைப் பலமுறை குற்றம் என்றே பேசியிருக்கிறார். தலித்தையும் முஸ்லிமையும் தவிர்த்துவிட்டு ஈழத்தை எழுத முடியாது என்ற குரல் அந்த வட்டத்திலிருந்து உறுதியாக வந்தது. இந்தக் கடனை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் கட்டுரைக்குள் வந்த நாங்கள் கதைக்குள் வந்தது குறைவு. கட்டுரையில் எழுபத்தைந்தாயிரம் பேர் ஒரு வரியில் நிற்கலாம். கதையில் ஒருவர் பெயரோடு, வேலையோடு, கெட்ட குணத்தோடு வர வேண்டும். ஸ்மித்தின் அல்ஜீரியன் அப்படி வருகிறான். நாயகனைக் கேலி செய்யும் உரிமையோடு வருகிறான். புலம்பெயர் புனைவில் முஸ்லிம் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவராக வந்து, நாயகனின் மனச்சாட்சியைத் தட்டிவிட்டுப் போகிறார். பஸ் நிற்காத ஊர்க்காரருக்கு இப்படி மரியாதையாகக் கூப்பிடுவதும் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கிறது.

எங்களுக்கு ஏன் ஒரு பாரிஸ் இல்லை? எருக்கலம்பிட்டிக்காரர் போனது புத்தளம், பிறகு குவைத், ரியாத். ஒப்பந்தம் முடிந்தால் திரும்ப வேண்டிய நாடுகள் அவை. அங்கே இதழ் நடத்த மண்டபம் கிடைக்காது. நாட்டுக்குள்ளேயே அகதியானவனுக்குப் புலம்பெயர் எழுத்தாளன் என்ற பட்டமும் கிடையாது. அப்படியும் எழுதியவர்கள் உண்டு. முல்லைத்தீவு ஒட்டுசுட்டானைச் சேர்ந்த இளைய அப்துல்லாஹ் லண்டனில் இருந்து எழுதியவர். 'துப்பாக்கிகளின் காலம்' கதைகளில் வடபுல முஸ்லிம் தன் வாயாலேயே பேசுகிறான். கிழக்கில் அக்கரைப்பற்றில் பிறந்து லண்டன் போன ரஷ்மி, கவிஞரும் ஓவியருமாக இரண்டு கையாலும் வேலை செய்கிறவர். லண்டனில் பத்மநாப ஐயர் தொகுத்த 'கிழக்கும் மேற்கும்', 'யுகம் மாறும்' போன்ற தடித்த தொகுப்புகளைப் புரட்டினால், பிரிந்து கிடந்த தமிழ் எழுத்து ஒரே அட்டைக்குள் உட்கார்ந்திருப்பது தெரியும்.

எங்கள் ஊர் தந்தவர் புவியியலாளர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ். பேராதனைப் பேராசிரியர். கனடா வரை போய்ப் படித்துத் திரும்பி, முகாம் முகாமாக நடந்து கணக்கெடுத்தவர். 2001இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், முஸ்லிம் அகதிகளை இலங்கை இன மோதலின் மறக்கப்பட்ட மக்கள் என்று தலைப்பிலேயே சொன்னது. ஊர், குடும்பம், வீடு, காணி, வள்ளம், மாடு என்று இழந்தவற்றை இனம் இனமாகப் பதிகிற வேலை. நாவலாசிரியர்கள் தொடாததை அட்டவணையில் வைத்திருந்தார். 2018 ஆகஸ்டில் காலமானார். அந்த நூலை வாப்பா இரண்டு முறை வாசித்தார். கூட்டல் சரிபார்ப்பதற்காக என்றார்.

ஸ்மித்தின் நாவல் பிரெஞ்சில் வெளிவந்தது 2021இல். கொலை நடந்த நகரம் அந்தக் கதையைத் தன் மொழியில் படிக்க 1961இலிருந்து அத்தனை வருடம் எடுத்தது. போன வருடம் ஊரில், திருப்பிக் கட்டிய வீட்டுத் திண்ணையில் இருந்தபோது இதை வாப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்திருந்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"அறுபது வருசம்," என்றார். "அப்ப நமக்கு ரெண்டாயிரத்து அம்பது."